பேர்ப்பாறைக்குப் போகும் வழி

கூத்தமடுவு,
ஜவ்வாது மலை.
12.12.1994

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் வகுப்பில் உட்காருகிறார்கள். நான் நலம். நீங்களும் நலமென்று கேள்விப்பட்டேன். யாரிடம் கேள்விப்பட்டேன் என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் சர்க்கரை வாங்க சடையன் டீக்கடைக்குப் போனேன். அவன் கேட்டான்:

"சாரு இன்னாத்துக்கு டீச்சர் அவ்ளோ அவசரமா பூட்டாரு? வூட்ல சண்டையா?"

"எந்த சாரு?"

"உங்க வூட்டுக்காரருதான். கோர்ட்டு கமிசனரு. டீ குடுத்தேன், வேணான்னுட்டாரு. வாயில துணி கட்டுன பாட்டில்ல சொந்தமா தண்ணி வெச்சிருந்தாரு. உங்க வூட்டு போட்டோல சிரிக்காம நிக்கிறாரே, நேர்லயும் அப்பிடியேதான் நின்னாரு."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? வீட்டுக்கு நடந்து வரும்போது, கடையிலிருந்து என் வாசலுக்கு எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டு வந்தேன். நானூற்றுப் பத்து.

இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து பதினெட்டு மாதங்கள். மாற்றலை ரத்து செய்துகொண்டு நான் இறங்கி வந்தாலொழிய நீங்கள் மேலே ஏறி வருவதில்லை என்றீர்கள். அதை ஒரு கொள்கை என்று மதித்தேன். இப்போது ஏறி வந்தும் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கியிருக்கிறீர்களே, இதற்கு என்ன பெயர்?

போகட்டும். பேர்ப்பாறையையாவது பார்த்தீர்களா? வந்த முதல் மாதத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒருமுறை வந்து அந்தப் பாறையின் நுனியில் நில்லுங்கள் என்று. இந்த ஊர் வழக்கத்தையும் எழுதியிருந்தேன். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் பாறைக்குத் தூக்கிப் போய், பள்ளத்தாக்கைப் பார்த்து அதன் பெயரை முதல்முறையாகக் கூப்பிடுவார்கள். குரல் திரும்பி வந்தால் அதுதான் பெயர். அதற்கு முன் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

வேங்கிக்கால் மூர்த்தி அந்த நிலத்தை வாங்கி, விடுதியும் பார்வை மேடையும் கட்டப்போவதாகச் சொல்லி முள்கம்பி வேலி போட்டபின் யாரும் போக முடியவில்லை. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் இருசப்பனின் மகள் தனத்துக்குப் பெண் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது. இன்னும் "பாப்பா"தான். வேறு பாறையில் போய்க் கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். "வேற பாறையில வேற யாரோ இல்ல பதில் சொல்லுவாங்க?" என்றாள் தனம்.

ஊரார் வழக்குப் போட்டபின் இதெல்லாம் உங்களுக்கு வழக்கு எண்ணாக வந்து சேர்ந்திருக்கும்.

தர்மதேவி


செங்கம் சாலை,
திருவண்ணாமலை.
17.12.1994

அன்புள்ள தர்மதேவிக்கு,

உன் 12ஆம் தேதிக் கடிதம் 15ஆம் தேதி மாலை கிடைத்தது. அதில் என் மீது சுமத்தியிருக்கும் குற்றத்துக்கு என் விளக்கத்தை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, நான் வந்தது உன் கணவனாக அல்ல. நீதிமன்றம் நியமித்த ஆணையராக. இரு தரப்புக்கும் பொதுவாக நின்று, நிலம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதித் தருவது என் கடமை.

இரண்டாவது, நீ குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் இருசப்பன்தான் இந்த வழக்கில் முதல் வாதி. என் மனைவி அவர் வீட்டில் குடியிருக்கிறாள் என்பதை நியமனத்தின்போதே எழுத்து மூலம் தெரிவித்தேன். மூர்த்தியின் தரப்பு ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்கவில்லை என்பதனாலேயே என் பொறுப்பு கூடிவிட்டது. அந்த வீட்டு வாசலில் நான் கால் வைத்திருந்தால், பிறகு நான் எழுதும் ஒவ்வொரு வரியும் ஐயத்துக்கு உரியதாகியிருக்கும்.

மூன்றாவது, பிற்பகல் மூன்று மணிக்கே புறப்பட்டது அவசரத்தினால் அல்ல. சூரியன் மறைவதற்குள் உணவு முடிக்க வேண்டும் என்பது நம் இருவர் வீட்டிலும் உள்ள சமண நியமம். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜீப்பில் கீழே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

பேர்ப்பாறையைப் பார்த்தேனா என்று கேட்டிருக்கிறாய். வழக்கு நிலுவையில் இருப்பதால் வழக்குச் சொத்தைப் பற்றி நான் கருத்துக் கூறுவது முறையாகாது. அது ஓர் உயரமான இடம் என்பது வரை சொல்லலாம்.

உன் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்.

ஜினசேனன்

பி.கு. கடைசிக்கு முந்தைய பத்தியின் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது.


கூத்தமடுவு,
2.3.1995

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று மாலை இருசப்பன் ஒரு காகிதக் கட்டோடு வந்தார். வேலியை இப்போதைக்கு எடுக்கச் சொல்லக் கேட்ட மனு தள்ளுபடி ஆகிவிட்டதாம். வழக்கு முடியும்வரை வேலி இருக்கும். எதை வைத்துத் தள்ளுபடி செய்தார்கள் என்று என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். வீட்டு முன்னால் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் அறிக்கையை நான் வாய்விட்டுப் படித்தேன். இப்படியும் ஒரு நாள் எனக்கு வாய்த்தது.

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வேலியின் நீளம், கல்தூண்களின் எண்ணிக்கை, புதர்க்காட்டில் உள்ள மரங்கள், பாறையின் அகலம், ஒன்றும் விடவில்லை. ஏழாம் பத்திக்கு வந்தேன். "வேலியின் உட்புறம் தொடங்கி பாறையின் விளிம்பு வரை, ஆட்கள் நடந்து சென்றதற்கான வழியோ தடமோ ஆய்வின்போது காணப்படவில்லை."

இருசப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார்: "தடம் இல்லியா? நாந்தான முன்னால நடந்தேன். எம் பின்னாலதான வந்தாரு."

தனம் கேட்டாள்: "அப்ப சாரு பறந்தா வந்தாரு, டீச்சர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல. அவள் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். வழி இல்லையென்றால் நீங்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?

புதர்க்காட்டைத் தாண்டியதும் வெறும் பாறை. அதில் புல் இல்லை, மண் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும், நீங்களும் கழற்றியிருப்பீர்கள். வெறுங்கால் பாறையில் என்ன பள்ளம் பறிக்கும்? ஆனாலும் தடம் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாறை முழுக்கக் கருஞ்சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காகப் பாசி படர்ந்திருக்கும். கால் படும் இடத்தில் மட்டும் அது பிடிப்பதில்லை. நடுப்பகலில் பாறை மொத்தமும் கண்ணைக் கூசவைக்கும், ஒன்றும் தெரியாது. நாலரை மணிக்குமேல் வெயில் சாய்ந்ததும் பாருங்கள். வெளுத்த கோடு ஒன்று வளைந்து வளைந்து நுனி வரை போகும், யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டதுபோல. எத்தனை தலைமுறைக் கால்களோ! முதன்முதலில் அதைப் பார்த்தபோது அதன்மேல் கால் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நீங்கள் மூன்று மணிக்கு இறங்கிவிட்டீர்கள்.

தர்மதேவி

பி.கு. உங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன். கோபம் வேறு, குளிர் வேறு. வயிறு எவ்வளவு பெருத்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். குறைத்துச் சொல்ல வேண்டாம்.


திருவண்ணாமலை,
11.3.1995

அன்புள்ள தர்மதேவிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

ஆணையராக இருந்தவனுக்கு, வழக்குச் சொத்தைப் பற்றி, ஒரு வாதியின் வீட்டிலிருந்து வந்த கடிதம் அது. அதை நான் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வது நியாயமாகாது. கிழித்துப்போடுவது அதைவிட நியாயமாகாது. எனவே ஒரு குறிப்புரையை இணைத்து, நேற்று அதை நீதிமன்றத்தில் சமர்ப்பித்துவிட்டேன். இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் நகல் கொடுத்தாகிவிட்டது. குறிப்புரையில் நான் எழுதியது இவ்வளவுதான்: "இக்கடிதத்தில் கேட்கப்பட்டுள்ள கேள்விக்கு என் அறிக்கையைக் கொண்டு என்னால் விடை கூற இயலவில்லை."

இதன் விளைவாக என்னையே சாட்சியாக அழைத்து விசாரிக்கலாம். விசாரிக்கும்வரை இவ்வழக்கைப் பற்றி உன்னோடு எழுத்திலோ பேச்சிலோ நான் தொடர்புகொள்ள இயலாது. பொறுத்துக்கொள்.

கடிதத்தின் ஒரு பகுதியை மட்டும் கத்தரித்துச் சமர்ப்பிக்க விதியில் இடமில்லை. ஆகையால் பின்குறிப்பையும் சேர்த்தே கொடுக்க நேர்ந்தது.

ஜினசேனன்


கூத்தமடுவு,
18.3.1995

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், இதைப் படிக்கவிருக்கும் நீதிமன்ற ஊழியர்கள் அனைவருக்கும்,

நான் நலம்.

பின்னிய கம்பளிச் சட்டையைப் பிரித்துத் தனத்தின் பாப்பாவுக்கு இரண்டு சட்டைகளாகப் பின்னிவிட்டேன். மீதி நூலும் இருக்கிறது. அளவு இனித் தேவையில்லை.

இனி எழுதமாட்டேன்.

தர்மதேவி


திருவண்ணாமலை,
21.7.1996

அன்புள்ள தர்மதேவிக்கு,

பதினாறு மாதங்களாக உன் கையெழுத்தை நான் பார்க்கவில்லை. பள்ளி முகவரிக்கு நான் அனுப்பிய பண்டிகை வாழ்த்துகளை நீ பிரிக்காமலே வைத்திருக்கக்கூடும். இந்தக் கடிதத்தையாவது பிரித்துப் படிப்பாய் என்று நம்புகிறேன். நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, என் விசாரணை முடிந்தது. இந்த வழக்கில் இனி எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நீதிமன்றத்தில் நிற்கிறேன். கூண்டுக்குள் நின்றது இதுவே முதல்முறை. வாதிகளின் வழக்கறிஞர் அறிவுமதி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என் களக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தார். நடந்ததை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

"சார், இதுல பதினொண்ணு இருபதுக்கு ஒரு பதிவு இருக்கு. அடுத்தது பன்னெண்டே காலுக்கு. நடுவுல இன்னா பண்ணீங்க?"

"பார்த்துக்கொண்டிருந்தேன்."

"எதைப் பாத்தீங்க?"

"பள்ளத்தாக்கை."

"அம்பத்தஞ்சு நிமிஷமாவா?"

"அவ்வளவு நேரம் ஆயிற்று என்பது குறிப்பேட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது."

பின்வரிசையில் சிரித்தார்கள். மூர்த்தியும் சிரித்ததைக் கண்டேன். அறிவுமதி சிரிக்கவில்லை.

"பாறை மேல ஏறறதுக்கு முன்ன செருப்பைக் கழட்டுனீங்களா?"

"கழற்றினேன்."

"ஏன்?"

"எனக்கு முன்னால் போனவர்கள் கழற்றினார்கள்."

"அதை அறிக்கையில எழுதலியே?"

"எழுதவில்லை."

"பாறைல நடக்கும்போது கீழ பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப 'வழி காணப்படவில்லை'னு எழுதுனது?"

"காணவில்லை என்பது உண்மை. தேடவில்லை என்பதை எழுதாமல் விட்டேன்."

சுருக்கெழுத்தாளர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த வாக்கியத்தை நான் முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு போகவில்லை, தர்மதேவி. அது என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோது நானே திடுக்கிட்டேன். பிறகு மூர்த்தியின் வழக்கறிஞர் எழுந்து, நீதிமன்றம் நம்பி ஒப்படைத்த கடமையில் நான் தவறினேன் என்று ஒப்புக்கொள்கிறேனா என்று கேட்டார். ஆம் என்றேன்.

கடைசியில் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படி என்ன சார் இருந்தது அங்கே?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. சற்றுப் பொறுத்தவர், "சாட்சி பதில் கூறவில்லை" என்று பதிவு செய்யச் சொன்னார். அவர் செய்தது சரிதான்.

அவருக்குச் சொல்ல முடியாததை உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

இருசப்பன் முன்னால் நடந்தார். மூங்கிலும் களாப்புதரும் முடிந்து பாறை தொடங்கியது. பாறை சாய்வாக மேலேறியது. அதன் முடிவில் மரமில்லை, எதிர்க்குன்று இல்லை, வானம் மட்டும் இருந்தது; அதுவும் தலைக்கு மேலே அல்ல, முழங்கால் உயரத்தில். அது எனக்கு விளங்கவில்லை. நான் குமாஸ்தாவிடம் பாறையின் அகலத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். சொல்லிக்கொண்டிருக்கையிலேயே தரை முடிந்துவிட்டது.

நம் ஊரில் பிறந்தவன் நான். நினைவு தெரிந்த நாள் முதல் மலையை அண்ணாந்து பார்த்தே பழகியவன். உயரம் என்றால் அது எனக்கு மேலே இருப்பது. அன்றுதான் உயரம் என் காலுக்குக் கீழே இருந்தது. மூன்று பக்கமும் காடு சுவராக நின்று, கீழே, மேலும் கீழே, அதற்கும் கீழே இறங்கிப் போயிற்று. முதலில் மரங்களாக இருந்தது பிறகு புல்லாகி, அதன் பிறகு வெறும் பச்சையாகி, கடைசியில் நீலமாகிவிட்டது. அந்த நீலத்தின் அடியில் ஓர் ஆறு இருந்தது. அது ஓடவில்லை, வெள்ளையாகக் கிடந்தது. எதிர்ச்சுவரில் ஓர் அருவி ஓசையின்றித் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று திரும்பியபோதுதான் அதன் ஓசை வந்தது. அப்போது ஆறும் அருவியும் ஒரே சமயத்தில் உயிர்பெற்றதுபோல் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எனக்குக் கீழே ஒரு பருந்து வட்டமிட்டது. அதன் முதுகு தெரிந்தது. நாற்பத்தெட்டு வயதுவரை நான் ஒரு பறக்கும் பருந்தின் முதுகைப் பார்த்ததில்லை. அதன் நிறம் இன்னதென்று எழுதத் தெரியவில்லை. பழுப்பு என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதற்கும் கீழே ஒரு மேகம் தனியாகப் போயிற்று. மேகத்தின் நிழல் காட்டின் மீது ஏறி இறங்கி, ஓர் உயிருள்ள பொருளைப் போலச் சரிவைக் கடந்தது. அந்த நிழல் எதிர்ச்சுவரை அடையும்வரை நான் மூச்சுவிட்டேனா என்று உறுதியாகக் கூற இயலாது. அது போனதும் இன்னொரு நிழல் வந்தது. குமாஸ்தா என் தோளைத் தொட்டு, "சார், மணி பன்னெண்டாச்சு" என்றார். பதினொன்றரை இருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன்.

நம் மாடி அறையில் குடியிருக்கும் வெளிநாட்டுப் பெண்மணி முன்பகல் முழுவதும் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு, உருப்படியான வேலை எதுவும் இல்லாதவர் என்று உன்னிடம் நான் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னைப் பார்க்காமல் இறங்கியதற்கு மூன்று காரணங்கள் எழுதியிருந்தேன். மூன்றும் உண்மையே. ஆனால் அவை மட்டுமே காரணம் அல்ல. பாறையிலிருந்து திரும்பியதும் என் மனத்தில் ஒரே எண்ணம்தான் இருந்தது, இதை உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று. நானூற்றுப் பத்து எட்டில் நீ இருந்தாய். உன்னைக் கண்டால் வாய் திறந்துவிடுவேன், ஆணையராக நான் அதைச் செய்யக்கூடாது என்று பயந்தேன். சடையன் கடையில் டீயை மறுத்தபோது நான் உன் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவன் உன்னிடம் சொல்லவில்லை போலும்.

புதிதாக ஓர் ஆணையரை, மாலை நேரத்தில் அங்கே இருக்கும்படியாக அனுப்ப உத்தரவாகியிருக்கிறது. இனி எந்த வழக்கிலும் என்னை ஆணையராக நியமிக்க மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் அதை நான் நியாயமற்றது என்று கூறமாட்டேன்.

ஜினசேனன்


கூத்தமடுவு,
5.1.1997

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் ஜூலைக் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதி மூன்றையும் கிழித்தேன். ஒன்றில் திட்டு அதிகம், ஒன்றில் அழுகை அதிகம். மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. அதை ஏன் கிழித்தேன் என்று தெரியவில்லை. அந்தப் பருந்தின் முதுகை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கும் அதன் நிறம் எழுத வராது.

புதிய ஆணையர் அக்டோபரில் வந்தார். நடுப்பகலில் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முகத்தைச் சுளித்தாராம். உத்தரவில் மாலை நேரம் என்று இருந்ததால் வேறு வழியின்றி அங்கேயே காத்திருந்தார். ஐந்து மணிக்குப் பாறையில் மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்த்ததாக இருசப்பன் சொல்கிறார். ஒன்றேமுக்கால் அடி அகலம், எங்கும் அறுபடாமல் விளிம்பு வரை போகிறது என்று எழுதினார். தீர்ப்பு டிசம்பர் கடைசியில் வந்தது. ஊராருக்குப் பாதை உரிமை உண்டு, குறுக்கே வேலி கூடாது. நேற்று வேலியை எட்டடிக்குத் திறந்துவிட்டார்கள்.

மூர்த்தி மேல்முறையீட்டுக்குப் போகிறாராம். அங்கே தடை வாங்கிவிட்டால் மறுபடியும் மூடிவிடலாம், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம் என்று அறிவுமதி சொல்லியனுப்பினார். பெரியவர்கள் கூடி 19ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவு செய்துவிட்டார்கள். பெயரில்லாமல் ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலில் தனத்தின் பாப்பா. அதற்கு இப்போது இரண்டரை வயது. என் வகுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் பேர் கூப்பிடும்போது எல்லாப் பேருக்கும் "உள்ளேன் டீச்சர்" என்கிறது.

எனக்கு 16ஆம் தேதியிலிருந்து பத்து நாள் வேலூரில் பயிற்சி. போகாமல் இருக்க முடியாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் இதற்காகக் காத்திருந்துவிட்டு அந்த நாளில் நான் வேலூரில் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் போகிறேன். ஆத்திரமாக வருகிறது.

என் இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். இருசப்பனிடம் கேட்டேன், நீங்கள் வரலாமா என்று. "வரட்டும் டீச்சர். இந்தத் தடவ காலுக்குக் கீழயும் கொஞ்சம் பாக்கச் சொல்லு" என்றார். வீட்டுச் சாவி தனத்திடம் இருக்கும். சமையலறையில் எல்லாம் இருக்கிறது. கண்டதை எல்லாம் எனக்கு எழுத வேண்டும். அளவு எதுவும் வேண்டாம்.

தர்மதேவி


கூத்தமடுவு,
19.1.1997, பிற்பகல்

அன்புள்ள தர்மதேவிக்கு,

உன் வீட்டில், உன் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிட்டேன். இந்த வாரம் எனக்கு வழக்கு எதுவுமில்லை. நீ 26ஆம் தேதி திரும்பும்வரை இங்கேயே இருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். இதற்கு உனக்கு ஆட்சேபனை இருந்தால் தனத்துக்குத் தெரிவிக்கலாம். அவள் என்னை வெளியேற்றிவிடுவாள்.

காலை ஏழரைக்கு நாற்பது பேர் புறப்பட்டோம். திறந்துவிட்ட வேலியைக் கடந்தோம். பாறையின் தொடக்கத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். நான் கீழே பார்த்தே நடந்தேன். காலை வெயிலும் சாய்வாகத்தான் விழுகிறது. கோடு தெரிந்தது. அதை நீ எழுதியதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது. எனக்கு முன்னால் போன தனத்தின் பாதங்கள் ஒருமுறைகூட அதை விட்டு விலகவில்லை. அவள் கீழே பார்க்கவே இல்லை.

விளிம்பை அடைந்தபோது பள்ளத்தாக்கு இல்லை. மூடுபனி நிறைந்து, பாறை நுனிவரை வெள்ளையாகத் தளும்பிக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவர், காடு, ஆறு எதுவும் இல்லை. இதில் கூப்பிட்டால் திரும்பி வருமா என்று இருசப்பனிடம் கேட்டேன். "அது எந்திரிக்கட்டும் சார். தூங்குறவங்களக் கூப்புடக் கூடாது" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் உட்கார்ந்தோம்.

பனி மேலிருந்து விலகும் என்று நினைத்திருந்தேன். அது அடியிலிருந்து விலகியது. முதலில் ஓசை வந்தது. பிறகு வெள்ளையின் நடுவே கரும்பச்சையாக ஒரு கிணறு திறந்தது. அதன் ஆழத்தில் ஆற்றின் ஒரு துண்டு மின்னியது. கிணறு அகன்றுகொண்டே வந்தது. எதிர்ச்சுவர் தன்னைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டு நின்றது. கடைசியாக அருவி வந்தது. சென்ற முறை நான் பார்த்தது முழுதாக இருந்த பள்ளத்தாக்கை. இன்று அது உண்டாவதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர், எத்தனையோ முறை கண்டவர், கைகூப்பியபடி இருந்தார். என் கைகளும் அப்படியே இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

தனம் எழுந்தாள். ஒரு கையால் பாப்பாவின் இடுப்பை அணைத்துக்கொண்டு, விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி நின்று, தலையை உயர்த்திக் கூப்பிட்டாள்:

"பொன்னீ..."

இரண்டரை ஆண்டுகள் அவள் வாய்க்குள்ளேயே இருந்த பெயர் அது. அதை அவ்வளவு மெதுவாக விடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு எதிர்ச்சுவரிலிருந்து, "பொன்னீ" என்று வந்தது. இடப்பக்கச் சரிவிலிருந்து மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை அடியிலிருந்து, ஆறே சொன்னதுபோல, மிக மெல்லியதாக வந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் குலவையிடுவது வழக்கமாம். பெண்கள் அதற்காக வாயைத் திறந்தும்விட்டார்கள். அதற்குள் குழந்தை பேசிவிட்டது.

"இன்னா?" என்று கேட்டது.

தர்மதேவி, இந்தப் பாறையில் பெயர் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் கைக்குழந்தைகள். மூன்று மாதத்துப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? வேலியும் வழக்கும் என் அறிக்கையும் சேர்ந்து தாமதம் செய்ததனால், முதல்முறையாகக் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை அங்கே நின்றது. ஒருவரும் குலவையிடவில்லை. இருசப்பன் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அச்சம் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது.

"இன்னா?" என்று பள்ளத்தாக்கும் கேட்டது.

குழந்தை தாயை அண்ணாந்து பார்த்தது. தனம் குனிந்து, அதன் காதருகில், "உன்னத்தான்டி கூப்புடுது" என்றாள். குழந்தை அதை ஒரு கணம் யோசித்தது. பிறகு, வகுப்பில் உனக்குப் பதில் சொல்வதுபோலவே இருந்திருக்கும், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி முழுக்குரலில் கத்தியது:

"வரேன்!"

தனம் அதை இறுக்கி அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாற்பது பேரும் எழுந்து நின்றோம்.

"வரேன்" என்றது எதிர்ச்சுவர். "வரேன்" என்றது சரிவு. கீழே, வெகு ஆழத்திலிருந்து, இன்னும் ஒருமுறை வந்தது.

யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் நகர்ந்து, விளிம்பில் யாருக்கோ இடம் விட்டு நின்றோம்.

ஜினசேனன்